ஏனோக்கின் உதடு

நான்கு மாதம் மீன்பிடிக் கப்பலில் கிடந்துவிட்டு வீடு திரும்பிய நூக்கா, மகனை மடியில் போட்டுக் கிச்சுகிச்சு மூட்டும்போதுதான் அதைப் பார்த்தான். நான்கு வயது ஏனோக்கின் கீழுதட்டுக்கு உள்பக்கம், வெந்த ஜவ்வரிசியை ஒட்டவைத்த மாதிரி சின்னச் சின்ன முண்டுகள்.

"பேரோட வந்திருக்கும்," என்றாள் மனைவி அவியாயா, காபியை ஊற்றிக்கொண்டே. "செத்துப்போன ஏனோக்குக்கும் உதட்டுல இப்படித்தான் இருந்துச்சாம்."

கடலில் மூழ்கிச் செத்த அந்த ஏனோக்கின் பெயரைத்தான் பையனுக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பனிக்கடலோர ஊரின் வழக்கப்படி, செத்தவர் பெயரை வாங்கிய பிள்ளை அந்த ஆளேதான். அவன் உறவெல்லாம் இவனுக்கும் உறவு. அவன் விதவை சபீனா இந்தப் பொடியனை "என் புருஷா" என்பாள். செத்தவனின் தம்பி எய்னார், ஆறடி ஆள், "அண்ணே" என்று இவனைத் தோளில் ஏற்றிக்கொள்வான். நூக்காவைப் பார்த்தால், "அப்பா, சௌக்கியமா?" என்று கண்ணடிப்பான். நூக்காவும் சிரித்துக்கொள்வான். ஆனால் பெயர் பிடிவாதத்தைக் கொண்டுவரும், முன்கோபத்தைக் கொண்டுவரும். முண்டைக் கொண்டுவருமா?

மறுநாள் எய்னார் கடல்நாய் இறைச்சியோடு வந்து நின்றான். "அண்ணனுக்குன்னு ஈரலைத் தனியா எடுத்து வச்சேன்ப்பா!" என்று வாய்விட்டுச் சிரித்தான். அவன் கீழுதட்டிலும் அதே ஜவ்வரிசி.

நூக்கா ஈரலைப் பார்த்தான், அவியாயாவைப் பார்த்தான். தான் இல்லாத நாளில் எத்தனை ஈரல் இந்த வீட்டுக்கு வந்ததோ! அன்றிலிருந்து அவன் பார்வையே கோணலாகிவிட்டது. எய்னார் காலணியைக் கழற்றினால் சந்தேகம், கழற்றாமல் போனால் அதைவிடச் சந்தேகம். பேச்சிலும் 'நம்ம பையன்' போய் 'உன் பையன்' வந்துவிட்டது.

பையனை மருத்துவ நிலையத்துக்கு அவனே தூக்கிப்போனான்.

"மரு மாதிரி ஒரு கிருமி," என்றாள் நர்ஸ். "கெடுதல் ஒண்ணும் இல்ல, தானா போயிடும். நம்ம ஜனங்க வீட்டுல பார்க்கிறதுதான். எல்லாருக்கும் வராது."

"எப்படி ஒட்டும்?"

"எச்சில்ல. வாயோட வாய்."

அவள் சொன்னதில் பாவி மனுஷனின் காதில் ஏறியது கடைசி வார்த்தைகள் மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "வாயைக் காட்டு," என்றான்.

அவியாயா அவனையே பார்த்தாள். பிறகு கீழுதட்டைத் தானே இழுத்துக் காட்டினாள். வழவழவென்று இருந்தது.

"போதுமா? நாக்கையும் நீட்டணுமா?" அவள் உதட்டை விட்டாள். "இன்னொரு தடவை 'உன் பையன்'னு சொல்லு. அடுத்த படகுல நானும் அவனும் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவோம். அப்புறம் நீ கதவைத் தட்டாதே."

அவளிடம் இல்லை என்றால் எய்னாரின் ரத்தத்திலேயே வந்ததோ என்று அவன் மனம் அடுத்த கிளைக்குத் தாவியது. வெட்கங்கெட்ட மனம்.

பையனின் பிறந்தநாள் காபிக்கு ஊரே வந்து நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தது. சபீனா திமிங்கிலத் தோலைப் பல்லில் கடித்து, உதட்டோரமாகவே பிறைக்கத்தியால் அறுத்தாள். ரெண்டு மெல்லு மென்று, எடுத்துப் பையன் வாயில் வைத்தாள். "முதல் வாய் என் புருஷனுக்கு! என்ன மாமனாரே, முறைக்கிறீங்க?" அடுத்த துண்டைக் கடித்து எய்னாரிடம் நீட்டினாள். "இது கொழுந்தனுக்கு." அவள் சிரித்தபோது உதடு மடிந்தது. உள்பக்கம் முழுக்க ஜவ்வரிசி.

பையன் பிறந்ததிலிருந்து இந்தப் பெண்பிள்ளை இப்படித்தான் ஊட்டுகிறாள். ஊரே பார்க்க ஊட்டுகிறாள். நூக்காவும் எத்தனையோ முறை பார்த்தவன்தான். அவனுக்கு முகம் எரிந்தது.

பையன் மென்றுகொண்டே ஓடிவந்து மடியில் ஏறினான். தினமும் செய்வதுபோலப் பாதியைத் தன் வாயிலிருந்து எடுத்து அப்பாவின் வாயில் திணித்தான். மெல்லப் போன நூக்காவின் நாக்கில் எதுவோ தட்டுப்பட்டது. உதட்டுக்கு உள்ளே, சின்னதாய் ஒரு முண்டு. பக்கத்தில் இன்னொன்று. மெல்லுவதை நிறுத்தினான்.

எதிரே காபிக் கெண்டியோடு நின்ற அவியாயா அதைக் கவனித்துவிட்டாள்.

"வாயைக் காட்டு," என்றாள்.

ஊரே திரும்பிப் பார்த்தது. அவன் உதட்டை இழுத்துக் காட்டினான். அவள் குனிந்து, நிதானமாகப் பார்த்தாள். முகத்தில் துளிச் சிரிப்பில்லை.

"நாலு மாசம் வெளியில இருந்தியே. யாருகிட்டேருந்து இதை வாங்கிட்டு வந்தே?"

நூக்கா பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

"நம்ம பையன்கிட்டேருந்துதான், அவியாயா."

அவள் கெண்டியைச் சாய்த்து அவன் கோப்பையை நிரப்பினாள்.

"நீ சொன்னா நான் நம்புறேன்," என்றாள்.