யாரை நினைத்து

கூடத்தில் மாலையோடு கிடத்தியிருந்த அக்காவின் தலைக்கு அடியில் மடித்து வைத்த துண்டைத் தங்கை சரிசெய்துகொண்டிருந்தபோது, அண்ணி அவள் காதருகே குனிந்தாள்.

"வாசல்ல பாரு. அவராத்தான் இருக்கும்."

அறுபதை ஒட்டிய ஒருவர், உள்ளே வருவதா வேண்டாமா என்று தயங்கி நின்றார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. முகம் தெரிந்தவர் யாரும் இல்லாததால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'அவர்' யார் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் டோக்கன் கொடுத்தும் போன் எடுத்துமே காலம் போயிற்று. சாயங்காலம் வந்து பாத்திரம் கழுவும்போது ஒரே ஒரு சினிமாப் பாட்டைப் போடுவாள். விட்டுப்போனவனைக் கனவிலாவது வரச்சொல்லி ஒரு பெண் கெஞ்சுகிற பாட்டு. இரண்டாவது சரணம் வந்ததும் குழாயை மூடிவிடுவாள். தண்ணீர்ச் சத்தம்கூடக் குறுக்கே வரக்கூடாது.

இது போதாதா? அண்ணி ஒரு காதலனையே உண்டாக்கிவிட்டாள். அண்ணன் அவனுக்கு வெளிநாட்டில் வேலையும் வாங்கிக் கொடுத்தான். தங்கையும் தன் பங்குக்கு அவனுக்கு மீசை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில், அக்காவுக்கு மூச்சு கொஞ்சம் நிதானப்பட்ட நேரத்தில், கேட்டேவிட்டாள்.

"அக்கா, அவர் எங்க இருக்கார்னு சொல்லு. எப்படியாவது கூட்டிட்டு வரேன்."

"எவரு?"

"அந்தப் பாட்டுக்காரர்."

அக்கா சிரிக்கப்போய் இருமினாள். தங்கை முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"யாரும் இல்லடி."

"பொய் சொல்லாத."

"நெஜமாத்தான். அந்தப் பாட்டுல அவ எப்படித் தவிக்கிறா பாரு. எனக்குத் தவிக்க ஒரு ஆள் கிடையாது. அது ஓடி முடியற வரைக்கும், எனக்கும் யாரோ இருந்து போயிட்ட மாதிரி இருக்கும். நல்லா இருக்கும்டி." கண்ணை மூடிக்கொண்டாள். "அண்ணிகிட்ட சொல்லிடாத. பாவம், ஆசையா கதை கட்டி வச்சிருக்கா."

இப்போது தங்கை துண்டை விட்டு எழுந்து வாசலுக்குப் போனாள்.

"வாங்க. நான் தங்கச்சி."

"பல் ஆஸ்பத்திரில பின்னாடி ரூம்ல பல்செட் செய்யறவன்ங்க" என்றார் அவர்.

அண்ணி அதற்குள் ஒரு நாற்காலியை அக்காவின் தலைமாட்டிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, தண்ணீர் வேண்டும் என்று தங்கையின் பின்னால் சமையலறை வரை வந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"மத்தியானம் கூட்டம் குறைஞ்சா மேடம் ஒரு பாட்டு முணுமுணுப்பாங்க. நடுவுல பலகைத் தடுப்புதான், எனக்கு நல்லாக் கேக்கும். அதுல ஒரு இடம் வரும். அப்ப நான் மெஷினை நிறுத்திடுவேன்." டம்ளரை மெதுவாகத் திருப்பினார். "நிறுத்தறது அவங்களுக்கும் தெரியும்னு நெனச்சுட்டிருந்தேன்."

அவருடைய நகக்கண்ணில் ரோஸ் நிற மெழுகு ஒட்டியிருந்தது. தேய்த்துக் கழுவியும் போகவில்லை போலும்.

"யாரையாவது மனசுல வச்சுத்தான் பாடுவாங்களா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

பதில் அவள் நுனிநாக்கில் இருந்தது. இரண்டே வார்த்தை.

"நீங்க ஒருநாளும் கேக்கலயா?"

"எப்படிங்க கேக்கறது? வேற யார் பேரையாவது சொல்லிட்டா?"

வெளியே அண்ணன் யாரிடமோ வண்டி வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் கேட்டேன்" என்றாள் தங்கை. "சிரிச்சா. பேர் எதுவும் சொல்லல."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து, கழுவித் தொட்டியின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார்.

அக்காவை வண்டியில் ஏற்றியபின், பக்கத்துப் பலகையில் அண்ணனும் எதிரில் அண்ணியும் தங்கையும் உட்கார்ந்தார்கள். அவர் வண்டியை விட்டு விலகி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், ஏறலயா?" என்றான் அண்ணன்.

"இல்லங்க. வீட்டு ஆளுங்க போற வண்டி…"

அண்ணன் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கேனை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

டிரைவர் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருமுறை தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தலை இடிக்காமல் குனிந்து ஏறினார்.