நியூட்ரலில் பதினாலு கிலோமீட்டர்

உலகத்தோர் கவனத்துக்கு ஒரு துயரச் செய்தி: பொம்மசந்திராவில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு டீசல் என்னும் திரவம் காலமானது. ஈமக்கிரியையை முன்னின்று நடத்தியவர் ஹரித்வாகன் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ரகுராம். துக்கம் அவர் தொண்டையை அடைக்கவில்லை. நாற்பது நிமிடம் பேசினார். நம் பேரப்பிள்ளைகள் டீசல் லாரியை அருங்காட்சியகத்தில்தான் பார்ப்பார்கள் என்றார். பிறகு மின்சார லாரியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் கற்பூரம் வேண்டாமென்று இன்ஜினியர் பெண் கெஞ்சியதால், எதிர்காலத்துக்கு ஐந்தடி தள்ளி நின்று ஆரத்தி காட்டினார்கள்.

ஓட்டுநர் இருக்கையில் கிறிஸ்டோபர் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்தொன்று, அதில் இருபத்தேழு வருடம் ஸ்டியரிங்குக்குப் போனது. அவர் அப்பா வேலை பார்த்த கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியபோதும் கோட்டு போட்டவர்கள் வந்து எதிர்காலத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இன்றைக்குத் தொட்டுப் பார்க்கக் காரணமும் இருந்தது. கம்பெனியின் நாற்பது ஓட்டுநர்களில் ஆறு பேரை மட்டும் மின்சார லாரிக்கு எடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு டிரிப் கான்ட்ராக்ட். கூப்பிட்டால் வேலை, இன்ஷூரன்ஸ் கிடையாது. சோதனை ஓட்டத்தில் கம்ப்யூட்டர் போடும் மதிப்பெண் எழுபதைத் தாண்டினால் நிரந்தரம். கிறிஸ்டோபரின் மனைவி மெர்சிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அல்சூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். அது நடப்பது கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டில். எழுபது மார்க் என்பது அவருக்கு எழுபது மார்க் அல்ல.

கிளம்புவதற்கு முன் லோடிங் சூப்பர்வைசர் பாலகுமாரிடம் போய் நின்றார்.

"இன்னா சார், டயர் இப்படி அமுங்கி நிக்குது? எவ்ளோ ஏத்தினீங்க?"

"வழக்கமா ஏத்தறதுதான்பா. டீசல் வண்டிக்கு ஏத்தறதே, முப்பத்தாறு டன்."

"பேட்டரியே நாலு டன்னு இருக்குதாமே சார். அதக் கழிக்கலியா?"

"பேட்டரி வண்டிது, லோடு பார்ட்டிது. பார்ட்டிகிட்ட போய் ஒங்க சரக்குல நாலு டன் இங்கயே நிக்கட்டும்னு நீ சொல்றியா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடுப்பா."

கொஞ்சம் அனுசரித்துக்கொள் என்னும் இந்தக் கன்னட வாக்கியத்துக்குப் பெங்களூரில் மேல்முறையீடு கிடையாது. கிறிஸ்டோபர் வண்டியில் ஏறினார். பக்கத்து இருக்கையில் லேப்டாப்போடு ஸ்னேஹா. கற்பூரத்தைத் தள்ளி வைத்த அதே இன்ஜினியர். இருபத்தாறு வயது, நல்ல பெண். தாத்தா காலத்திலேயே பெங்களூர் மல்லேஸ்வரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம்.

"அங்கிள், டென்ஷனே வேண்டாம். பள்ளிகொண்டா டோல்கிட்ட நம்ம சார்ஜர் இருக்கு. அதுவரைக்கும் தாராளமா வரும், நானே கணக்கு போட்டிருக்கேன்."

"எத்தன டன்னுக்கு போட்ட மா?"

"முப்பத்திரண்டுக்கு."

கிறிஸ்டோபர் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் முப்பத்தாறு டன் உட்கார்ந்திருந்தது. சொன்னார். ஸ்னேஹா உதட்டைக் கடித்துக்கொண்டு ரகுராமுக்கு போன் போட்டாள். இரண்டு முறை "சார்" என்றாள், ஒரு முறை "ஓகே சார்" என்றாள். "இன்வெஸ்டர்ஸ் ஆன்லைன்ல பாக்கறாங்களாம். கிளம்புங்க அங்கிள்."

வண்டியைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சத்தமில்லை, கியர் போட்டுக் கை வலிக்கவில்லை. அத்திப்பள்ளி மேம்பாலத்தில் முப்பத்தாறு டன்னோடு காரைப் போல ஏறியது. மெர்சி போன் செய்தபோது என்ஜின் இரைச்சல் இல்லாததால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னாயா, வண்டி ஓடுதா நிக்குதா?"

"ஓடுதுடி. வீட்ல ஃபேன் ஓடற மாரி ஓடுது."

"ஃபேன் கரண்டு போனா நின்னுடுமேயா."

"வாயைக் கழுவு மொதல்ல."

ஓசூர் தாண்டியதும் அவர் கண் சாலையைவிடத் திரையிலேயே அதிகம் இருந்தது. பேட்டரி எழுபத்தொன்பது சதவீதம். எழுபத்தெட்டு. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எழுபத்தி நாலு. டீசல் முள் இறங்கினால் கவலைப்பட மாட்டார். அடுத்த பங்கில் நிரப்பிக்கொள்ளலாம். இது இறங்க இறங்க அல்சூர் ஆஸ்பத்திரியின் கதவு ஒவ்வொரு அங்குலமாகச் சாத்திக்கொள்வதுபோல் இருந்தது. எப்படியாவது மிச்சம் பிடிக்க வேண்டும்.

மிச்சம் பிடிக்க அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. சூளகிரி தாண்டினால் கிருஷ்ணகிரி வரை இறக்கம். லாரிக்காரன் எவனும் அந்த இறக்கத்தில் டீசலை எரிக்க மாட்டான். நியூட்ரலில் போட்டு உருட்டிவிடுவான். ஆபத்துதான், சட்டப்படி தப்புதான். ஆனால் அப்படி மிச்சம் பிடிப்பவனைத்தான் முதலாளிகள் இருபத்தேழு வருடமாக நல்ல டிரைவர் என்று முதுகில் தட்டியிருக்கிறார்கள்.

மின்சார லாரிக்கென்று கம்பெனி நடத்திய பயிற்சி வகுப்பில் ஏதோ சொன்னார்கள். அரை நாள் வகுப்பு, அறுபது ஸ்லைடு, முழுக்க இங்கிலீஷ். இறக்கத்தில் கியரிலேயே வண்டியை விட்டால் சக்கரமே பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பிக் கொடுக்கும் என்பது நாற்பத்தி மூன்றாவது ஸ்லைடு. நாற்பதாவது ஸ்லைடிலேயே சாப்பாடு வந்துவிட்டது.

கிறிஸ்டோபர் நியூட்ரலுக்குத் தள்ளினார். வண்டி உருண்டது. வேகம் கூடும்போதெல்லாம் பிரேக்கை லேசாக மிதித்துப் பிடித்தார். லைனர் சூடாகும் வாடை வந்தது. பக்கத்தில் ஸ்னேஹா காதில் ஹெட்போன் மாட்டி, கண்ணை ஸ்லைடில் வைத்து, இன்வெஸ்டர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: இதோ, இந்த இறக்கத்தில் பூமியின் ஈர்ப்பு விசையே எங்கள் லாரிக்குச் சார்ஜ் போடுகிறது. அவள் சொன்னது அத்தனையும் விஞ்ஞானம். அந்த விஞ்ஞானம் பிரேக் லைனரில் புகைந்துகொண்டிருந்தது.

திரையில் எண் அசையாமல் நின்றது. நம் சாமர்த்தியம் என்று அவர் நினைத்தார். ஏறியிருக்க வேண்டிய எண் அது.

வாணியம்பாடியில் இருபத்தாறு. ஆம்பூரில் பதினொன்று. ஏசியை நிறுத்தினார்கள். மாதனூர் தாண்டியதும் திரை சிவந்தது, வேகம் தானாகக் குறைந்தது, வண்டி இடது ஓரமாக ஒதுங்கி எந்த அலட்டலும் இல்லாமல் நின்றுவிட்டது. சார்ஜருக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர். மே மாத வெயில். ஸ்னேஹா லேப்டாப்பில் எதையோ தேடிக் கண்டுபிடித்து, ஹெட்போனைக் கழற்றினாள்.

"அங்கிள்... பதினாலு கிலோமீட்டர் நியூட்ரல்ல வந்திருக்கீங்க."

"மிச்சம் புடிக்கத்தான் மா போட்டேன்."

அவள் முகம் அழுதுவிடும்போல் ஆனது. இறக்கத்தில் என்ன நடக்கும் என்று தமிழில், நிதானமாக, இரண்டே நிமிடத்தில் விளக்கினாள். அவருக்கு எல்லாம் புரிந்தது. அந்த இரண்டு நிமிடம்தான் அறுபது ஸ்லைடிலும் இல்லாமல் போனது.

"சரி மா. கூட ஏத்துன அந்த நாலு டன்னு?"

"ரிப்போர்ட்ல லோடுன்னு ஒரு கட்டம் இருக்கு அங்கிள். அதுல காலைலயே முப்பத்திரண்டுன்னு போட்டுட்டாங்க. அது லாக் ஆயிடுச்சு."

"நியூட்ரலு?"

"அது வண்டியே எழுதிடும்."

கிறிஸ்டோபர் தலையாட்டினார். ஓட்டுபவனைப் பற்றி மட்டும் உண்மை எழுதும் இயந்திரத்தோடு என்ன வாதாடுவது? மார்க் முப்பத்தி நாலு என்று வந்தது. காலையில் எடையைப் பற்றி ரகுராமுக்குத் தான் போன் போட்டதையும் ரிப்போர்ட்டில் சேர்ப்பதாக ஸ்னேஹா சொன்னாள். சேர்த்தாள். மறுநாள் அந்தப் பத்தியை யாரோ எடுத்துவிட்டார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பழைய டீசல் லாரி வந்து, சங்கிலி மாட்டி, எதிர்காலத்தைப் பள்ளிகொண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனது. கரும்புகை முழுக்க மின்சார லாரியின் முகத்தில் அடித்தது. பள்ளிகொண்டாவில் எடுத்த புகைப்படத்தில் சங்கிலி இல்லை. சோதனை வெற்றி, மனிதத் தவறு ஒன்றைத் தவிர, என்று ரகுராம் அறிக்கை விட்டார்.

மறுநாள் ஹெச்.ஆரிலிருந்து அன்பாகத்தான் பேசினார்கள். வேலை எங்கேயும் போகாது, திங்கட்கிழமையே ராணிப்பேட்டைக்கு ஒரு லோடு இருக்கிறது, டிரிப் கான்ட்ராக்டில் போகலாம், டீசல் வண்டி என்றார்கள்.

"கார்டு சார்?"

"மாசக் கடைசி வரைக்கும் செல்லும்."

அன்று தேதி முப்பது.