ஞாயிற்றுக்கிழமைத் தாள்

தினசரிக் காலண்டர் அடிக்கும் அந்த அச்சகத்தில் அவருக்குப் பொன்மொழி என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான். பதினாலு வருஷத்தில் கிண்டல் தேய்ந்து மரியாதையாகிவிட்டது. தாளின் நடுவில் பெரிதாகத் தேதி. அடியில் ஒற்றை வரியில் ஒரு நல்ல வார்த்தை. புரூப் பார்த்துப் பிழை திருத்துவது அவருடைய வேலை, அந்த வரிகளை எழுதுவது அவருடைய பெருமை. நாற்பது புத்தகங்களைப் படித்து, நோட்டில் குறித்து, அடித்து, திருத்தி வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து வரி எழுதுவார். 'மேன்மை என்பது உள்ளத்தின் உயரம். அதை அளக்கக் கோல் இல்லை' என்பது அவருக்கே மிகவும் பிடித்தது. மூன்று தடவை போட்டிருக்கிறார்.

ஒரு வருஷம் வேலை மும்முரமாக இருந்த நேரத்தில் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். டிசம்பர் தாள்களுக்குப் பன்னிரண்டு வரி பாக்கி. தாள் அடுக்கும் மேஜையில் இருந்த ஒரு பெண் எழுதிக் கொடுத்துவிட்டாள். வேலை செய்யும்போது ஓயாமல் விசிலடிப்பதால் அவளுக்கு விசில் என்றே பெயர். புரூப் படித்த முதலாளியம்மா வாய்விட்டுச் சிரித்தாராம். சிரித்ததை மெஷின்காரர் அவரிடம் வந்து சொன்னார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பொன்மொழி அந்தப் பன்னிரண்டையும் தேடிப் படித்தார். 'எறும்பு வரிசையில் விரல் வைத்துப் பார்த்தேன். யாரும் திட்டவில்லை, சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.'

"இதுல என்ன தத்துவம் இருக்கு?" என்றார்.

"தத்துவம் தெரியலண்ணே. ஆனா படிச்சதுலேருந்து எறும்ப மிதிக்கத் தோணல" என்றார் மெஷின்காரர்.

அடுத்த காலண்டருக்கு முதலாளியம்மா கூப்பிட்டுச் சொன்னார். "நீங்க முந்நூத்தி அஞ்சு எழுதுங்க. அவ ஒரு அறுபது எழுதட்டும். எந்தத் தேதிக்கு எதுங்கறத வழக்கம்போல நீங்களே பாத்துப் போடுங்க."

அவர் 'சரிம்மா' என்றார். அன்று சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் பின்பக்கத்து மரத்தடியில் போய் உட்கார்ந்தார். அவள் மட்டும்தான் எறும்பைப் பார்ப்பாளா? அரை மணி நேரம் பார்த்தார். வரி ஒன்றும் வரவில்லை. ஒரு எறும்பு சட்டைக்குள் ஏறிக் கடித்துவிட்டுப் போனது.

அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. அவள் எழுதலாம். ஆனால் தேதி போடுவது அவர்.

காலண்டர் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைத் தாளை யாரும் படிப்பதில்லை. கடை, ஆபீஸ், கிளினிக் எல்லாம் பூட்டியிருக்கும். திங்கட்கிழமை காலையில் யாராவது வந்து சனி, ஞாயிறு இரண்டு தாளையும் சேர்த்து ஒரே இழுப்பில் கிழித்துக் குப்பையில் போடுவார்கள். அவர்கள் அச்சகத்து வாட்ச்மேனே அப்படித்தான் செய்வார். அதனால் சரக்கு தீர்ந்துபோன அன்றைக்கு எழுதிய 'தண்ணீரைச் சேமிப்போம்' வகையறாவையெல்லாம் அவர் ஞாயிற்றுக்கிழமையில்தான் தள்ளுவார். வருஷத்துக்கு ஞாயிறு ஐம்பத்திரண்டு. அரசு விடுமுறை எட்டு. கூட்டினால் அறுபது. கணக்கு அவ்வளவு கச்சிதமாக வந்தபோது கடவுளே தன் பக்கம் இருப்பதாக அவருக்குப் பட்டது.

அவளுடைய அறுபதையும் அங்கேயே புதைத்தார்.

புது வருஷம் பிறந்தது. ஜனவரியில் யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. பிப்ரவரியிலும் பேசவில்லை. பொன்மொழிக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீத்தூள் டப்பாவைத் தேடிச் சமையலறை அலமாரியைத் திறந்தார். கதவின் உள்பக்கம் நெடுக, வரிவரியாகக் கத்தரித்த காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. பதினொன்று. கிட்டப் போய்ப் படித்தார். அத்தனையும் அவளுடையவை.

மனைவி பின்னால் வந்து நின்றாள். அவள் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். மற்ற நாட்களில் காலை ஆறு மணிக்கே ஓடிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வாரத்துத் தாளையெல்லாம் சேர்த்துக் கிழித்துவிட்டு, அன்றைய தாளின் முன்னால் காபியோடு நிற்க அவளுக்கு நேரம் கிடைக்கும். இது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. யோசிக்காத விஷயம்.

"பாத்துட்டீங்களா?" என்றாள். முகத்தில் வெட்கம் கலந்த சிரிப்பு. "சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். பதினாலு வருஷமா உங்க வரிய பாக்கறேங்க. மனசுல ஒண்ணுகூட நின்னதில்ல, கோச்சுக்காதீங்க. இந்த வருஷம் என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவர் டீத்தூள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதப் படிச்சுட்டுத்தான் அக்காவுக்குப் போன் பண்ணேன்" என்று ஒரு துண்டைத் தொட்டாள். 'பாட்டில் வார்த்தை மறந்துபோனால் முணுமுணுக்கலாம். பாடுவதை நிறுத்த வேண்டியதில்லை.' "ரெண்டு வருஷமா பேச்சு இல்ல. என்ன பேசறதுன்னு தெரியாமதானே பண்ணாம இருந்தேன்? தெரியாட்டி என்ன, சும்மா ம்... ம்...னாவது சொல்லுவோம்னு பண்ணிட்டேன். அவளும் அந்தப் பக்கம் ம்...ங்கறா. அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றா. முதல்ல உங்களப் பாக்கணுமாம்."

'அது நான் எழுதினதில்லை' என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆனால் அவள் அவரை அப்படிப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"ம்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு ஒரே கவலை. மைத்துனி வந்து, 'இது உங்களுக்கு எப்படித் தோணுச்சு?' என்று கேட்டால்? சனிக்கிழமை மத்தியானம், யதேச்சையாகப் போகிறவர்போல அடுக்கும் மேஜைக்குப் போனார்.

"ஏம்மா, அந்த முணுமுணுக்கற வரி... எங்கேருந்து புடிச்ச?"

விசில் தாள்களைத் தட்டிச் சமன் செய்துகொண்டே சிரித்தாள். "எங்கேருந்தா? நம்ம கட்டிங் மெஷின் அண்ணன்தான். அவருக்கு எந்தப் பாட்டும் பாதிதான் தெரியும். மீதிய ம்ம்ம்னே இழுத்துடுவாரு. நீங்களும்தான் தினம் கேக்கறீங்களே?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சத்தம் தாங்காமல்தான் போன வருஷம் மனு கொடுத்துத் தன் அறைக்குக் கதவு போட்டுக்கொண்டார்.

"அப்புறம் அண்ணே, உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். "என்னோடத எல்லாம் பாத்துப் பாத்து ஞாயித்துக்கிழமையில போட்டீங்க. அன்னைக்குத்தானே ஜனங்க வீட்ல இருக்காங்க? இருக்கறதுலயே நல்ல இடம். வேற ஒருத்தரா இருந்தா அத தனக்கு வச்சுட்டிருப்பாங்க."

குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். இல்லை. குத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனி வந்தாள். அக்காவும் தங்கையும் வாசலிலேயே கட்டிக்கொண்டார்கள். பிறகு மைத்துனி நேராக அவரிடம் வந்தாள்.

"தம்பி, அந்த வரி எப்படித் தோணுச்சு?"

தயாராக வைத்திருந்ததை அவர் சொன்னார். கட்டிங் மெஷின், பாதிப் பாட்டு, மீதி ம்ம்ம். நன்றாகவே வந்தது. மைத்துனி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் துழாவி ஒரு சின்ன டைரியையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள்.

"எனக்குன்னு ஒண்ணு எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்துல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அவளுடைய மூச்சு பிடரியில் பட்டது. எதிரே ஜன்னல், ஜன்னலில் அடுத்த வீட்டு மரத்தின் ஒரு கிளை நிறையப் பூ. அதைப் பற்றிக்கூட விசில் எழுதிவிட்டாள், ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு: 'பக்கத்து வீட்டு மரம் நம் ஜன்னலிலும் பூக்கிறது. தண்ணீர் ஊற்றியது அவர்கள்.' அதை அங்கே வைத்தது அவரே. பேனா தாளில் பட்டது. 'மேன்மை என்பது' என்று எழுதிவிட்டு நின்றது.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"அத எழுதினது நான் இல்ல" என்றார். டைரியைப் பார்த்தே பேசினார். "எங்க அச்சகத்துல தாள் அடுக்கற பொண்ணு. அலமாரியில ஒட்டினது எல்லாமே அவளோடதுதான். யாரும் படிக்கக் கூடாதுன்னுதான் ஞாயித்துக்கிழமையில போட்டேன்."

நாற்காலி முதுகிலிருந்து கை விலகியது தெரிந்தது. மைத்துனி தங்கையைப் பார்த்தாள். மனைவி சமையலறைக்குள் போனாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கிழிப்பாள் என்று நினைத்தார். கிழிக்கவில்லை. மூடும் சத்தம்தான் கேட்டது.

திரும்பி வந்து, "அப்ப உங்களுது எது?" என்றாள்.

"திங்கள்லேருந்து சனி வரைக்கும்."

கிழித்த தாள்களை அவள் வீணாக்குவதில்லை. வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தில் கடைக்கு லிஸ்ட் எழுதுவாள். மேஜையில் அன்றைய லிஸ்ட் கிடந்தது: சோப்பு, பல்பு, சர்க்கரை, உப்பு. அதை எடுத்துத் திருப்பினாள். வியாழக்கிழமை. முதல் தடவையாக உரக்கப் படித்தாள்.

"'நிதானம் அறிவின் தலைவாசல், அவசரம் அதன் பின்கதவு.'"

மைத்துனி தொண்டையைச் செருமினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. மற்றவர் வீட்டுக் குழந்தையின் படத்தைப் பார்த்துச் சொல்கிற குரல் அது. பிறகு தாளைத் திருப்பி, உப்புக்குக் கீழே 'பசை' என்று எழுதினாள்.

"அந்தப் பொண்ண ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

"எப்ப வரச் சொல்ல?" என்றார் பொன்மொழி.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமைதான். வேற என்னைக்கு?"