தக்காளிக்கு ஊன்றிய கம்பு

அந்த வருஷம் சொமோயேவைப் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டது. மலையடிவார ஊரான மோஷியில் அவள் துணி துவைத்துக்கொடுத்துக்கொண்டிருந்த விடுதியை, மலையேற வெள்ளைக்காரர்கள் வருவதில்லை என்று பிப்ரவரியில் இழுத்து மூடினார்கள். ஏப்ரலில் தெற்கே சொந்த ஊரான மட்வாராவில் அம்மா இறந்துபோனாள். பஸ்ஸில் இரண்டு நாள் வழி. இவள் போய் இறங்குவதற்குள் அடக்கம் முடிந்து, ஆட்கள் கலைந்திருந்தார்கள்.

திரும்பி வந்தவள் சும்மா இருக்கப் பிடிக்காமல், மாடி வீட்டுப் பால்கனியில் ஒரு பெயிண்ட் டப்பாவில் தக்காளி நட்டாள். அது சாயாமலிருக்க, சாலையோரத்தில் யாரோ வேலியைக் கழித்துப் போட்டிருந்த கம்புகளில் ஒன்றைப் பொறுக்கிவந்து ஊன்றினாள். தக்காளி மூன்றே வாரத்தில் மண்டையைப் போட்டது. ஊன்றிய கம்பு துளிர்த்தது.

இதென்ன கூத்து என்று குனிந்து பார்த்தாள். விரல் நுனி அளவு பச்சை. மறுநாள் டீ போடுவதற்கு முன்னாலேயே போய்ப் பார்த்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. என்ன செடி என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லித் தொலைத்துவிடுவார்கள். அப்புறம் காலையில் எழுந்து பார்க்க என்ன இருக்கும்? அதுதான் சொமோயே. பரிசுப் பொட்டலத்தைக்கூட நாலு நாள் வைத்திருந்து, உள்ளே என்ன என்று குலுக்கிப் பார்க்கிற ஜாதி.

கம்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றைத் தண்ணீரில் போட்டாள், ஒன்றைச் சாம்பலில் செருகினாள், ஒன்றைத் தலைகீழாக நட்டாள். தலைகீழாக நட்டது அழுகிப்போனதில் அவளுக்கு வருத்தமே இல்லை. சரிதான், மேல் எது கீழ் எது என்று கம்புக்கும் தெரிந்திருக்கிறது என்று தனியாக நின்று சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அக்டோபரில் பால்கனியில் ஏழு டப்பாக்கள், ஏழிலும் வாள் போல நீண்ட இலைகள்.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஐக்காருவா குடியிருந்தாள். இந்த மலைச்சரிவிலேயே பிறந்து வளர்ந்த சக்கா இனத்துக்காரி, தேவாலயத்தில் பாடுகிறவள். கொடியில் காய்ந்த அவளுடைய வெள்ளைப் பாட்டு அங்கியில் ஒருநாள் மேலேயிருந்து செம்மண் தண்ணீர் சொட்டிவிட்டது. சொமோயே மன்னிப்புக் கேட்டு, தானே துவைத்துத் தருவதாகக் கையை நீட்டினாள். டீச்சர் அங்கியைக் கொடுக்கவில்லை. படியில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள்.

"பெத்தவளைப் புதைக்க நேரத்துக்குப் போய்ச் சேரல. குச்சிக்கு மட்டும் வேளை தவறாம தண்ணி ஊத்துறியாக்கும்."

டீச்சர் அதோடு விடாமல் வீட்டுச் சொந்தக்காரரிடமும் புகார் செய்தாள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் டப்பா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று அவர் ஆள் அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை முழுக்க சொமோயே டப்பாக்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷத்தில் அவளிடம் மிஞ்சியது அவை மட்டும்தான். சாயங்காலம் ஆத்திரம் தலைக்கேறியது. இருப்பதிலேயே செழித்த ஒன்றைத் தூக்கிப்போய் டீச்சர் வாசலில் வைத்தாள். உன் கண்ணைத்தானே உறுத்தியது, நீயே வைத்துக்கொண்டு அழு என்று மனதுக்குள் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டாள்.

மறுநாள் தேவாலயத்திலிருந்து டீச்சர் நேராக மாடிக்கு வந்தாள். முகத்தில் பழைய கடுகடுப்பு இல்லை.

"வாங்கிக்கிட்டேன் சொமோயே. வீட்டுக்காரர்கிட்டயும் பேசிட்டேன். செடியெல்லாம் இருந்துட்டுப் போகட்டும்."

"எதை வாங்கிக்கிட்டீங்க டீச்சர்?"

"அது இசாலே செடி. அதைக் கொண்டுவந்து குடுத்தா மன்னிப்புக் கேக்குறதா அர்த்தம். எங்க ஆளுங்க மறுக்கக் கூடாது. கொலையே பண்ணிட்டு வந்து நீட்டினாலும் வாங்கித்தான் ஆகணும். அஞ்சு வருஷமா இந்த ஊர்ல இருக்கே, தெரியாதா என்ன?"

அட, இதுதானா அது! அந்த நிலையிலும் சொமோயேவுக்கு ஒரு கணம் உள்ளே குதூகலமாக இருந்தது. ஆறு மாதம் காத்திருந்ததற்கு இப்படி ஒரு விடை வரும் என்று அவள் நினைக்கவில்லை. தலையை ஆட்டினால் போதும், டப்பாக்கள் தப்பிக்கும். ஆட்டத்தான் நினைத்தாள். கழுத்து மசியவில்லை.

"நான் மன்னிப்புக் கேக்கல டீச்சர். உங்களை வெறுப்பேத்தத்தான் வெச்சேன். அங்கி பாழானதுக்கு அன்னைக்கே கேட்டாச்சு. எங்கம்மாவைப் பத்திப் பேசுனது நீங்க. செடியை எடுக்கணும்னா சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன்."

டீச்சர் பால்கனிக்குப் போய்ச் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஒரு இலை கிள்ளிக்கட்டுமா?"

சொமோயே சரி என்றாள். டீச்சர் ஒரு நீள இலையைக் கிள்ளி, நடுவில் முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் அவள் முன் நீட்டினாள்.

"நீ எங்க ஆளு இல்ல. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்."

சொமோயே இலையைத் தொடவில்லை. முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா பேரு ஜொஹாரி" என்றாள்.

டீச்சர் கையை மடக்கவில்லை.

"ஜொஹாரியோட மகளை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஜொஹாரி என்னை மன்னிக்கணும்."

இந்த ஊரில் இன்னொருவர் வாயால் அம்மாவின் பெயரை அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே கையை நீட்டி இலையை வாங்கினாள்.