இன்றைய பார்வையாளர் ஒருவர்

ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் மூன்று பேர் கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கம் அது. சங்கத்தின் இணையதளத்தில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. போட்டோ, அடையாளம், கூப்பிட வேண்டிய எண். அதைக் கட்டியிருந்த இலவச மென்பொருள் நொண்டியடிக்க ஆரம்பித்துவிட்டதால், வேறொன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடியிருந்தார்கள்.

கடைக்காரர் மூன்றைப் பார்த்து வைத்திருந்தார். முதலாவது கண்ணைப் பறிக்கும் அழகு, ஆனால் மாதாமாதம் கட்டணம். சங்கம் இருக்கும் இருப்புக்கு அதைப் பற்றிப் பேசுவதே வீண். இரண்டாவது இலவசம்தான், காணாமல் போன பிள்ளையின் முகத்துக்குக் கீழே சூதாட்ட விளம்பரம் பல்லை இளித்தது. அதைச் செய்தவனை நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். மூன்றாவது வெறும் வெள்ளைப் பக்கம், ஆனால் எவ்வளவு மட்டமான போனிலும் சட்டென்று திறந்தது.

"இதுவே போதும்ணே," என்றாள் டீச்சர். வேலைக்குப் போன இடத்தில் அவள் தம்பி காணாமல் போயிருந்தான். "பழசுல போட்டோ வர்றதுக்குள்ள ஆளு பஸ் ஏறிப் போயிடுவான்."

"வேணாம்," என்றாள் தையல்காரி. "இதுல எத்தன பேர் பாத்தாங்கன்னு காட்டாது."

அவள் எதைச் சொல்கிறாள் என்று மற்ற இருவருக்கும் தெரியும். பழைய மென்பொருள், ஒவ்வொரு பக்கத்தையும் அன்று எத்தனை பேர் வெளியிலிருந்து பார்த்தார்கள் என்று நிர்வாகிகளுக்குக் காட்டும். மற்ற பக்கங்களை எட்டிப் பார்க்க நாதியில்லை. தையல்காரியின் மகன் பக்கத்துக்கு மட்டும் தினமும் ஒருவர் வந்தார். சாயங்காலமானால் அவள் இந்தக் கடைக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு, முகம் தெளிந்து வீட்டுக்குப் போவாள்.

அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுப் போனவன் அவன். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா அன்றே சொல்லிவிட்டார், அவன் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாதென்று. மனுஷன் சங்கத்துப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுத்ததில்லை. ஆனால் மகன் எங்கோ ஓர் ஊரில் உயிரோடு இருக்கிறான், தன் படத்தைத் தானே தினமும் திறந்து, வீட்டில் இன்னும் தேடுகிறார்களா என்று பார்க்கிறான். தையல்காரி இப்படித்தான் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

டீச்சர் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, உங்க பையனை ஒருத்தராவது பாக்குறாங்க. என் தம்பிய யாரு பாக்குறா?"

தையல்காரி சரி என்று தலையாட்டினாள்.

"பழச அழிக்கலம்மா," என்றார் கடைக்காரர். "ஒரு வாரத்துக்கு மூடி வைக்கிறேன். புதுசு சரிப்படலன்னா மறுபடி திறந்துடலாம்."

மறுநாள் காலையிலேயே எல்லாப் பக்கங்களையும் புதுசில் ஏற்றிவிட்டு, பழசை மூடிவிட்டார். தையல்காரிக்கு அன்று ஊசி ஓடவில்லை. மகன் வந்து பார்த்து, அம்மாவும் கைகழுவிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டால் என்ன செய்வது? ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடியும் மாற்றியே தைத்தாள்.

சாயங்காலம் வந்த கணவர் கைகால் கழுவிவிட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"உங்க சங்கத்துல எதாவது பிரச்சனையா?"

"ஏன்?"

"இல்ல... பையன் போட்டோ இருந்துச்சே, அந்தப் பக்கம். இன்னைக்குத் திறக்கவே மாட்டேங்குது."

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. "நீங்க அதப் பாப்பீங்களா?"

"மத்தியானம் சாப்பிடுறப்ப," என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே. "தினம் ஒரு தடவதான். அவன எடுத்துட்டாங்களா?"

"எடுக்கல. வேற இடத்துக்கு மாத்தியிருக்காங்க."

அவர் போனை வாங்கிப் புது முகவரியைத் தட்டிக் கொடுத்தாள். வெள்ளைப் பக்கத்தில் மகன் முகம் சட்டென்று வந்தது. அவர் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். எங்கோ ஓர் ஊரில் அவள் இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்த பிள்ளை, அந்த நிமிஷம் அவளுக்கு இல்லாமல் போனான். அவன் போன பிறகு முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள். அவர் தடுக்கவில்லை.