வால் தெரியும்வரை

வெட்டவெளியில் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு தொலைநோக்கி, ஒரு கைபேசி. இதுதான் அவளுடைய அலுவலகம். கழுகு காற்றாலைப் பக்கம் வந்தால் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட வேண்டும். அங்கே விசையைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் காற்றாலை இறக்கை நின்றுவிடும். வசந்த காலத்தில், கழுகு குஞ்சு பொரிக்கும் மூன்று மாதத்துக்குத்தான் இந்த வேலை. வானத்தைப் பார்க்கச் சம்பளமா என்று வீட்டில் ஒரே கிண்டல். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொள்வது அவர்களுக்கு எங்கே தெரியும்!

போன வாரம் இரண்டு முறை பருந்தைப் பார்த்துக் கழுகு என்று பதறிவிட்டாள். காற்றாலையை வீணாக நிறுத்தியதற்குக் கட்டுப்பாட்டு அறைத் தம்பி மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"அக்கா, வால் பிளந்திருந்தா பருந்து. அதைப் பார்த்துட்டுப் போன் பண்ணுங்க. இன்னொரு தடவை ஆச்சுன்னா நம்ம ரெண்டு பேர் சீட்டும் கிழிஞ்சிரும்."

வியாழக்கிழமை காலை வெயிலுக்கு நேர் எதிரே ஒரு பறவை வந்தது. கழுகுதான் என்று மனம் அடித்துச் சொன்னது. ஆனால் கண் கூசியது, வால் தெரியவில்லை. விரலைப் போனிலேயே வைத்துக்கொண்டு, திரும்பட்டும், திரும்பட்டும் என்று காத்திருந்தாள். திரும்பியது. பிளவில்லாத வால்.

"கழுகு! நிறுத்து!"

"நிறுத்திட்டேன்க்கா!"

அவன் நிறுத்தித்தான் இருந்தான். இறக்கை வேகம் குறைவதற்குள் பறவை அதில் அடிபட்டுக் கீழே விழுந்துவிட்டது. பெண் கழுகு. மனம் சொன்னதைக் கேட்டிருந்தால் பிழைத்திருக்குமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒற்றை மரத்தின் உச்சியில், அதன் கூட்டில் பத்து நாள் குஞ்சு. மதியம் ஆண் கழுகு ஒரு முயலைக் கொண்டுவந்து போட்டது. குஞ்சு வாயைப் பிளந்தது. கிழித்து ஊட்டுவது தாயின் வேலை; ஆணுக்கு இரை தேடத்தான் தெரியும். சற்று நேரம் பார்த்துவிட்டு மறுபடி வேட்டைக்குப் போனது.

அவள் வனத்துறைக்குப் போன் போட்டாள்.

"கூட்டுக்கிட்ட யாரும் போகக் கூடாதும்மா. ஐயா கையெழுத்து வேணும். திங்கக்கிழமைதான் வருவாரு."

"அதுவரைக்கும் குஞ்சு தாங்காது சார்."

"நான் என்னம்மா பண்ண முடியும்?"

ஏணி இல்லை, இருந்தாலும் அந்த உயரத்துக்கு எட்டாது. தொலைநோக்கி மட்டும் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் காட்டித் தொலைத்தது.

மறுநாள் கூட்டில் மூன்று முயல்கள் கிடந்தன. தொலைவில் ஒரு புள்ளி தெரிந்ததுமே போனை எடுத்தாள்.

"கழுகுதானாக்கா? வாலைப் பார்த்தீங்களா?"

"பார்க்கலை. நிறுத்துடா."

இறக்கைகள் நின்றன. ஆண் கழுகு பத்திரமாகக் கடந்து போய், நான்காவது முயலைக் குஞ்சின் முன்னால் வைத்தது. குஞ்சு வாயைத் திறக்கவில்லை.