திரைக்கு இந்தப் பக்கம்

இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ருக்கையா பானையிலிருந்து வாளிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவள் அண்ணன் கமாலுதீன் நனைந்த கைலியோடு உள்ளே வந்தான்.

“பாலிக் புலாவ் போற ஜாலான் மழையில உடைஞ்சு கெடக்கு. கிரேத்தா வண்டி ஒண்ணும் போகாதாம்லா. குளிப்பாட்டுற அந்தம்மா அங்கேருந்து வர நாளைக்கு ஆயிரும்.”

கூடத்தில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விடியற்காலை சுபுஹு நேரத்தில் மௌத்தான ருக்கையாவின் உம்மா செய்னம்பு உள்ளறைப் பலகையில் வெள்ளைத் துணி மூடிக் கிடந்தாள். சூலியாத் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் முப்பது வருஷமாக எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்டப் போனவள் அவள்தான். இன்று அவளைக் குளிப்பாட்ட ஆளில்லை. நாளைவரை வைத்திருக்கவும் கூடாது.

“நான் குளிப்பாட்டுறேன்” என்றாள் ருக்கையா.

எதிர்வீட்டு மஹ்பூபா மாமி நிமிர்ந்தாள். “மய்யித்து விஷயம்மா இது. உம்மா சொல்லித் தந்தாளா?”

“இல்ல மாமி.”

உண்மைதான். ஓதுவதையும் மீன் அரிவதையும் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த செய்னம்பு, இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இறந்த வீட்டுக்குத் துணைக்குக் கூட்டிப் போவாள். அறைவாசலில் உட்கார வைத்து, “இங்கனயே இரு” என்று திரையை இழுத்துவிட்டு உள்ளே போவாள். திரையின் ஓர இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு ருக்கையா இருப்பாள். மறுநாள் கொல்லையில் வாழைத்தண்டைக் கிடத்தி, கையில் துணி சுற்றி, பார்த்ததையெல்லாம் அப்படியே செய்வாள். ஒரு நாள் வாப்பா அதைப் பார்த்துவிட்டு விளாசினார்.

நான்கு பெண்கள் மறைப்புத் துணியை உயர்த்திப் பிடித்தார்கள். ருக்கையா சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டாள். மணிக்கட்டின் உட்புறத்தில் தண்ணீரை ஊற்றிச் சூடு பார்த்தாள். பச்சைப்பிள்ளைக்குப் பார்ப்பதுபோல உம்மா எப்போதும் பார்ப்பாள்.

கையில் துணி சுற்றி, முதுகைத் தாங்கிச் சற்றே உயர்த்தி, வயிற்றை மெல்ல நீவினாள். கை, வாய், முகம் கழுவி ஒளு செய்வித்தாள். தலை, வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். தண்ணீர் ஊற்றிய பெண் அவசரப்பட்டபோது ருக்கையாவின் ஒரு விரல் உயர்ந்தது. அந்தப் பெண் நிதானித்துக்கொண்டாள்.

“கொஞ்சம் திரும்பிக்க தாயி. தண்ணி இதமாத்தான் இருக்கு.”

யாரோ விம்மினார்கள். செய்னம்பு ஒவ்வொரு மய்யித்திடமும் சொல்கிற வார்த்தை அது. சொன்ன பிறகுதான் ருக்கையாவுக்கே அது காதில் விழுந்தது.

கற்பூரத் தண்ணீரும் ஊற்றித் துவட்டியாயிற்று. நரைத்த கூந்தலைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எந்த வீட்டிலும் தலைமாட்டில் கூந்தலை என்ன செய்வார்கள் என்பது அவள் கண்ணில் பட்டதில்லை. இடுக்கு அவ்வளவு தூரம் காட்டாது.

“மூணாப் பின்னு. பின்னிப் பின்னால விடு” என்றாள் மஹ்பூபா மாமி. “எங்க உம்மாவுக்கு அவ பின்னுனதக் கிட்ட நின்னு பாத்தேன்.”

ருக்கையா பின்னத் தொடங்கினாள். மாமியும் குனிந்து ஒரு கற்றையை எடுத்துக்கொண்டாள்.

“அன்னைக்குத் திரை இடுக்குல ஒன் கண்ணையும் பாத்தேன். ‘செய்னம்பு, புள்ள பாக்குது, இழுத்து மூடு’ன்னேன்.”

“உம்மா என்ன சொன்னாங்க?”

“‘பாக்கட்டும்’னா.”

ருக்கையாவின் விரல்கள் நிற்கவில்லை. மூன்றாவது பின்னலை முடித்து, நுனியை நீவிவிட்டு, உம்மாவைப் பொதியக் கபன் துணிக்குக் கை நீட்டினாள்.

மாலை அஸர் தொழுகைக்கு முன் மய்யித்துப் பெட்டியான சந்தூக்கைத் தூக்கினார்கள். வாசலைத் தாண்டுமுன் கமாலுதீன் தங்கையின் பக்கம் திரும்பி, “எல்லாம் முறையா நடந்துச்சாம்மா?” என்று கேட்டான்.

“நடந்துச்சு நாநா.” அவள் குரல் தெருவரை கேட்டது.

மழை விட்டிருந்தது. ரிக்‌ஷா இழுத்து வந்த சீனக் கிழவர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டி, ஓலைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். சந்தூக் தோளுக்குத் தோள் மாறித் தெருமுனையில் திரும்பியது. ருக்கையா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுருட்டிய சட்டைக் கைகளை அவள் இன்னும் இறக்கிவிடவில்லை. அவற்றின் ஓரத்தில் ஈரம் காயாமல் இருந்தது.